கூவத்துக்குள்ள மைக் போட்டேன்

வணக்கம் மக்களே. விடியகாலை மணி அஞ்சு. சிந்தாதிரிப்பேட்டை, கூவம் கரை. இருங்க, வீடியோவ மூடிடாதீங்க. நாத்தம் எனக்கு, சத்தம் மட்டும்தான் உங்களுக்கு.

ஏழு மணிக்கு மேல வந்தா ஹாரனத் தவிர ஒண்ணும் பதிவாகாது, அதான் இந்நேரம். மேல இருக்கற மைக்கு அணில் வால் மாதிரி புசுபுசுன்னு உறை மாட்டிருக்கேன், காத்து அடிக்காம இருக்க. அதுல விழுந்தது காக்கா, நாய், மார்க்கெட்டுக்கு மீன் எறக்கற சத்தம். எல்லாம் நாம தெனம் கேக்கறதுதான்.

விஷயம் கீழ இருக்கு. இது ஹைட்ரோபோன், தண்ணிக்குள்ள விடற மைக். உள்ள பீசோன்னு ஒரு சில்லு. அழுத்தம் மாறுனா மின்சாரம் குடுக்கும். விட்டேன். ஒண்ணுமே கேக்கல. சரி, கெயினை, அதாவது மைக் சத்தத்தப் பெருசாக்கற அளவ, ஏத்துவோம்னு ஏத்துனேன் பாருங்க, அந்த நேரம் பாத்து பறக்கும் ரயில்! பாலத்துத் தூண் வழியா அதிர்வு அப்படியே தண்ணிக்குள்ள எறங்கி, காது போச்சு. மொத டேக் குப்பை.

ரயில் போனதும் கேட்டுச்சு. டுப்... டுப்டுப்... க்ளிக். மீனுன்னு நெனச்சிடாதீங்க. அடில சாக்கடைச் சேறு. ஆக்சிஜன் இல்லாத சேத்துல கிருமிங்க மீத்தேன் வாயுவ உண்டாக்குது. அது குமிழியாக் கழண்டு வரும்போது மணி மாதிரி அதிருது. சின்னக் குமிழின்னா கீச்சுக் குரல், பெருசுன்னா கட்டைக் குரல். ஆறு மில்லிமீட்டர் அகலம் இருந்தா ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஆயிரம் அதிர்வு. நாத்தம் வர்ற அதே சேத்துலேர்ந்துதான் இதுவும் வருது. ஆனா கேக்க அவ்ளோ நல்லாருக்கு, எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

மீன் கூடையோட போன ஒரு அக்கா, "இன்னா தம்பி, தூண்டிலா?"ன்னாங்க. ஹெட்போனைக் குடுத்தேன். கொஞ்ச நேரம் கண்ண மூடிக் கேட்டுட்டு, "சோறு கொதிக்குதுப்பா"ன்னாங்க. நான் பத்து நிமிஷமா தேடுன வார்த்தை அது!

திருவள்ளூர் பக்கம் கூவம்னே ஒரு ஊர் இருக்கு, சம்பந்தர் பாடின திருவிற்கோலம் சிவன் கோயில் அங்கதான். அடுத்த வாரம் இதே மைக்க அந்தப் பக்கத் தண்ணில விடப்போறேன். அதுக்கு முன்னாடி இந்த வயரை சோப்புப் போட்டுக் கழுவணும், அஞ்சு மீட்டர். வீட்ல பக்கெட் தரமாட்டாங்க.