ப்ராடக் மேயர் கையில இருக்கற ஒன்பது தேதி

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க, பின்னாடி ஒரு இரைச்சல் கேக்குதுல்ல, அது மில்லு. எட்கர் தாம்சன் ஸ்டீல் மில். 1875-ல ஆண்ட்ரூ கார்னகி ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. நான் இப்ப நிக்கிறது ப்ராடக்குங்கற ஊர்ல, பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க் பக்கம், மனாங்கஹேலா ஆத்தங்கரை. பென் ஹில்ஸ்ல இருக்கற நம்ம பெருமாள் கோவிலுக்கு வந்தவங்க நிறைய பேர் இருப்பீங்க, அங்கேர்ந்து ரொம்ப தூரமெல்லாம் இல்ல, ஆனா கோவிலுக்கு வர்றவங்க யாரும் இந்தப் பக்கம் வண்டியத் திருப்பறதில்ல. நானும் பல வருஷம் திருப்பல. ஒன்னு முன்னாடியே சொல்லிடறேன், இங்க யார் முகத்தையும் நான் எடுக்கப் போறதில்ல, இது அவங்க வாழற இடம், நான் தெருவ மட்டும் காட்டறேன்.

இந்தத் தெரு பேரு ப்ராடக் அவென்யூ. பாருங்க, இங்க ஒரு பில்டிங், அப்பறம் காலி மனை, காலி மனை, மறுபடி ஒரு பில்டிங். 1920-ல இந்த ஊர்ல இருபதாயிரத்துக்கு மேல ஜனம். 2010 கணக்கெடுப்புல வெறும் 2,159 பேரு. பத்துல ஒன்பது பேரு போயிட்டாங்க. மில்லு ஓடுது, ஆனா அந்தக் காலத்துல ஆயிரக்கணக்குல ஆள் வேணும், இப்ப அவ்வளவு ஆள் தேவையில்ல, சுத்தி இருந்த மத்த மில்லெல்லாம் மூடிட்டாங்க, வேலை போச்சு, கடை போச்சு, போக வசதி இருந்தவங்க போயிட்டாங்க, போக முடியாதவங்க இருந்தாங்க.

இந்த ஊர்ல 2006-லேர்ந்து 2019 வரைக்கும் மேயரா இருந்த ஒருத்தர் பத்திதான் இன்னிக்கு பேசப் போறேன். ஜான் ஃபெட்டர்மன். பேரு கேட்டிருப்பீங்க, இப்ப செனட்டர், ஆறடி எட்டு அங்குலம், மொட்டத் தல, டிவில பாத்தா ஹூடியும் ட்ரவுசருமா இருப்பாரு. எல்லாரும் அந்த ட்ரவுசரப் பத்தியே பேசறாங்க, எனக்கு அதுல ஒன்னும் இல்ல. செனட்ல அவர் இப்ப எடுக்கற நிலைப்பாடுகள்ல அவருக்கு ஓட்டுப் போட்டவங்களே பல பேரு கோவமா இருக்காங்க, அதையும் இன்னிக்கு தொடல. நான் பேச வந்தது நடுவுல ஒரு நாலு வருஷம், அவர் லெப்டினன்ட் கவர்னரா இருந்தப்ப ஒரு போர்டுல உக்காந்து பண்ண வேலை. ஆனா அது புரியணும்னா இந்தத் தெருலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.

இவர் இந்த ஊர்க்காரர் இல்ல. பென்சில்வேனியாவுலயே யார்க்ங்கற ஊர்ல வளந்தவரு, அப்பாவுக்கு இன்சூரன்ஸ் பிசினஸ், வசதியான குடும்பம், எம்பிஏ படிச்சாரு. இருபது சொச்சம் வயசுல இவரோட நெருங்குன நண்பர் ஒருத்தர், இவர கூட்டிட்டுப் போக வந்துட்டு இருக்கும்போது கார் ஆக்சிடெண்ட்ல இறந்துட்டாரு. அதுக்கப்பறம் தான் துணை தேவைப்படற பசங்களுக்கு அண்ணன் மாதிரி கூட இருக்கற ஒரு தன்னார்வ அமைப்புல சேந்தாரு, ஹார்வர்டு போயி பப்ளிக் பாலிசி படிச்சாரு, 2001-ல ப்ராடக் வந்து, பள்ளிக்கூடத்த பாதில விட்ட இளவட்டப் பசங்களுக்கு ஜிஇடி, அதாவது ஸ்கூல் முடிச்சதுக்கு சமமான பரீட்ச, அதுக்குப் பாடம் நடத்துற வேலைய ஆரம்பிச்சாரு. அந்தப் பசங்கள்ல ரெண்டு பேரு சுட்டுக் கொல்லப்பட்டதப் பாத்துதான் தேர்தல்ல நின்னதா அவரே சொல்லியிருக்காரு. 2005-ல நின்னாரு, ஜெயிச்சது ஒரே ஒரு ஓட்டுல. ஒரு ஓட்டு மக்களே! பாடம் படிச்ச பசங்க ஓட்டுப் போடாம வீட்ல இருந்திருந்தா இந்தக் கதையே இல்ல.

சரி மேயர்னா என்ன பெருசா பவர் இருக்கும்னு நினைக்கிறீங்க. ப்ராடக் ஒரு பரோ, நம்ம ஊர் கணக்குல பேரூராட்சினு வெச்சுக்கங்க. பட்ஜெட்டு, வரி, ரோடு எல்லாம் கவுன்சில் கையில. மேயருக்கு போலீஸ் மேற்பார்வை, கவுன்சில்ல ஓட்டு சமமா விழுந்தா இவர் ஒரு ஓட்டு போடலாம், அவ்வளவுதான். சம்பளம் மாசம் 150 டாலர். அதுல குடும்பம் நடத்த முடியாது, அப்பா வீட்லேர்ந்து பணம் வந்துச்சு, அத மறைக்கவும் முடியாது, எதிர்க்கட்சிக்காரங்க பின்னாடி அத வெச்சே அடிச்சாங்க. கவுன்சில் கூட்டத்துக்கு ஒழுங்கா போறதில்லன்னும் குத்தம் சொல்லுவாங்க, அது உண்மைதான், இவருக்கும் கவுன்சிலுக்கும் ஆகாது, அதனால இவர் ஒரு அறக்கட்டளை வெச்சு சைடுல தனியா வேலை பாத்தாரு. பாழடைஞ்ச சர்ச் ஒன்ன வாங்கி சமுதாயக் கூடமா மாத்துறது, 2010-ல லீவைஸ் ஜீன்ஸ் கம்பெனி இந்த ஊர வெச்சு விளம்பரம் எடுத்தப்ப அந்தக் கூடத்துக்குன்னு பத்து லட்சம் டாலருக்கு மேல வாங்குனது, காலி மனைல காய்கறித் தோட்டம், இப்படி. இவர் மனைவி ஜிசெல், பிரேசில்லேர்ந்து சின்னப் புள்ளைல பேப்பர் இல்லாம வந்தவங்க, 2012-ல ஃப்ரீ ஸ்டோர்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, கப்பல் கன்டெய்னர்ல, துணிமணி, குழந்தை சாமான், எத வேணா எடுத்துட்டுப் போகலாம் காசு கிடையாது.

ஆனா தோத்தும் இருக்காரு, பெருசா தோத்திருக்காரு. இதோ இந்தப் பக்கம் இருக்கற இடம், இங்கதான் ஆஸ்பத்திரி இருந்துச்சு. ஊர்லயே நிறைய பேருக்கு வேலை குடுத்தது அதுதான். 2010 ஜனவரி 31-ஆம் தேதி மூடிட்டாங்க, மேயர் கத்துனாரு, மக்கள் போராடுனாங்க, ஒன்னும் நடக்கல, கடைசில கட்டிடத்தையே இடிச்சாச்சு. மேயர் பதவியோட பலம் அவ்வளவுதான்னு அன்னிக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுது.

இப்ப அந்த கைக்கு வரேன். இடது கையில 15104-னு பச்ச குத்தியிருப்பாரு, இந்த ஊர் ஜிப் கோடு. வலது முன்கையில வரிசையா தேதிங்க, ஒன்பது. இவர் மேயரா இருந்தப்ப இந்த ஊர்ல உயிர் பறிபோன நாளுங்க. முதல் தேதி 2006 ஜனவரி 16. பதவிக்கு வந்து ரெண்டு வாரம்கூட சரியா முடியல, பீட்சா டெலிவரி பண்ண வந்த ஒரு மனுஷன சுட்டுட்டாங்க. அந்த வரிசைல இன்னொன்னு ரெண்டு வயசுகூட முடியாத ஒரு பெண் குழந்தைக்கு, 2007 பிப்ரவரி, கொட்ற பனில விடப்பட்டு விறைச்சே செத்துப் போச்சு. அந்த மாசம் இங்க குளிர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், ரெண்டு கிளவுஸ் போட்டுட்டு கார் கண்ணாடி சொரண்டுனா கூட விரல் மரத்துப் போகும். ஒரு அரசியல்வாதி சாதனைய சுவத்துல எழுதுவாங்க, இவர் தன்னால காப்பாத்த முடியாதத தன் தோல்ல எழுதிக்கிட்டாரு, எனக்கு இவர் மேல மரியாதை வந்தது அந்த இடத்துலதான்.

மரியாதை இருக்கறதால மத்தத மறைக்க மாட்டேன். 2013 ஜனவரி, வீட்டு வெளிய துப்பாக்கி சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சுன்னு சொல்லிட்டு, கையில ஷாட்கன்னோட ட்ரக்க எடுத்துட்டுப் போயி, தெருவுல ஓடிட்டிருந்த ஒருத்தர துரத்தி போலீஸ் வர்ற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காரு. அவர் ஒரு கறுப்பினத்தவரு, ஜாகிங் போயிட்டிருந்தவரு, கையில எந்த ஆயுதமும் இல்ல. கேஸ் எதுவும் போடல. கறுப்பின மக்கள் அதிகமா இருக்கற இதே ஊரு அதே வருஷம் அவர மறுபடியும் மேயராக்குச்சு, அதுவும் உண்மை. ஆனா நானும் இந்த நாட்ல ராத்திரி வாக்கிங் போற பழுப்புத் தோல்காரன், அந்த இடத்துல என்ன வெச்சுப் பாத்தா வயித்தக் கலக்குது. அவர் அதுக்கு நேரா மன்னிப்பு கேட்ருக்கணும், கேக்கல.

2016-ல செனட்டுக்கு நின்னு பிரைமரில, அதாவது கட்சி வேட்பாளர் யாருன்னு முடிவு பண்ற உள்தேர்தல்ல, மூணாவதா வந்தாரு. 2018-ல லெப்டினன்ட் கவர்னர் பிரைமரில அப்ப பதவில இருந்த சொந்தக் கட்சிக்காரரையே தோக்கடிச்சாரு, 2019 ஜனவரில பதவி. நம்ம ஊர்ல கவர்னர்னா டெல்லி அனுப்புறவரு, இங்க கவர்னர்தான் மாநிலத்தோட தலைவர், மக்கள் ஓட்டுப் போட்டு வர்றவரு, கிட்டத்தட்ட நம்ம முதலமைச்சர் மாதிரி, லெப்டினன்ட் அவருக்கு அடுத்தவரு. அரசாங்க பங்களா ஒன்னு உண்டு, அதுல இவர் குடியேறல, ப்ராடக்லயே மில்லுக்கு எதிர்ல இருக்கற பழைய கார் ஷோரூம்ல வீட்டப் போட்டு இருந்தாரு. பங்களா நீச்சல் குளத்த மட்டும் அந்த வெயில் காலத்துல பசங்களுக்குத் திறந்து விட்டாங்க. மாநிலத்துல இருக்கற 67 கவுண்டிக்கும், நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, போயி கஞ்சாவ சட்டப்படி ஆக்கலாமான்னு மக்கள்ட்ட கேட்டாரு, ஆபீஸ் பால்கனில கொடி கட்டி சட்டசபையோட சண்டை, இதெல்லாம் நியூஸ்ல நிறைய வந்துச்சு, விட்டுடுவோம்.

நியூஸ்ல கம்மியா வந்தது பார்டன்ஸ் போர்டு. கருணை மனு விசாரிக்கற போர்டு, லெப்டினன்ட் கவர்னர்தான் சேர்மன். மொத்தம் அஞ்சு பேரு. சேர்மன், அட்டர்னி ஜெனரல், பாதிக்கப்பட்டவங்க சார்பா ஒருத்தர், ஜெயில் நிர்வாகம் தெரிஞ்ச ஒருத்தர், ஒரு டாக்டர் இல்லன்னா மனநல நிபுணர். பென்சில்வேனியால ஆயுள் தண்டனைன்னா ஆயுசு முழுக்க, பரோலே கிடையாது. அதுல இன்னொரு கொடுமை, ஒரு திருட்டுக்கு கூடப் போயி வெளிய காவலுக்கு நின்னவனா இருந்தாக்கூட, உள்ள யாராவது செத்துட்டா அவனுக்கும் அதே ஆயுள்தான் குடுத்தாங்க, இந்த மாதிரி செகண்ட் டிகிரி கேஸ்ல மட்டும் ஆயிரம் பேருக்கு மேல ஜெயில்ல இருந்தாங்க. பதினெட்டு வயசுல போனவன் அறுபத்தஞ்சுல வீல்சேர்ல இருப்பான். வெளிய வரணும்னா இந்த போர்டு சொல்லணும், அப்பறம் கவர்னர் கையெழுத்துப் போடணும்.

ஏன் யாரும் சொல்றதில்லன்னு கேட்டா 1994-க்குப் போகணும். அப்ப லெப்டினன்ட் கவர்னரா இருந்த மார்க் சிங்கெல் கவர்னர் தேர்தல்ல நிக்கறாரு. அதுக்கு முன்னாடி இந்த போர்டு அஞ்சுக்கு நாலு ஓட்டுல ஒருத்தர விட சிபாரிசு பண்ணிச்சு, சிங்கெலும் விடலாம்னு போட்டவரு. அந்த ஆளு வெளிய வந்து கொஞ்ச மாசத்துல நியூயார்க்ல கொலை பண்ணான். சிங்கெல் தேர்தல்ல தோத்தாரு, டாம் ரிட்ஜ் வந்தாரு. 1997-ல அரசியல் சாசனத்தையே திருத்துனாங்க, ஆயுள் கைதிய விடணும்னா அஞ்சு பேரும் ஒத்துக்கணும். ஒருத்தர் வேணாம்னா முடிஞ்சது. அதுக்கப்பறம் அரசியல்வாதிங்க பெரும்பாலும் இந்த நெருப்பத் தொடல, கார்பெட் கவர்னரா இருந்த நாலு வருஷத்துல ஒரு ஆயுள் கைதி கூட வெளிய வரல.

இப்படிப்பட்ட நாற்காலில வந்து உக்காந்தவரு, கையில ஒன்பது தேதி இருக்கறவரு. கொலைன்னா என்னன்னு தெரியாதவர் இல்ல, அத நல்லா கவனிங்க. தெரிஞ்சும் அவர் முதல்ல மனு போடற கட்டணத்த எடுத்தாரு, செயலாளரா ப்ரண்டன் ஃப்ளட்னு ஒருத்தர வெச்சாங்க, அவரே பழைய தண்டனைக்கு மன்னிப்பு வாங்குனவரு. மனு ஃபார்ம எளிசாக்குனாங்க.

நான் இந்த விசாரணைல ஒன்ன ஆன்லைன்ல முழுசா பாத்தேன். கைதிக்காக அக்கா தங்கச்சி வந்து பேசறாங்க, செத்தவங்க வீட்டுக்காரங்களும் வந்து பேசறாங்க, அழறாங்க, ரெண்டு பக்கமும் கேக்கணும். கடைசில ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டு ஓட்டு. எஸ், எஸ், எஸ், நோ. அந்த ஒரு 'நோ' காதுல விழுந்த உடனே பின்னாடி உக்காந்திருந்த அம்மா ஒருத்தங்க எதுவும் பேசல, கைப்பைய மூடுனாங்க, அந்த க்ளிக் சத்தம் மைக்ல கேட்டுச்சு. ரெண்டு நாள் எனக்கு சரியா தூக்கம் வரல.

ஃபிலடெல்ஃபியாக்காரங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரு, 1993-ல ஒரு கொள்ளை கொலை கேஸ்ல கைதாகி ஆயுள். நாங்க பண்ணலன்னு கடைசி வரைக்கும் சொன்னவங்க. 2019 டிசம்பர்ல போர்டு முடியாதுன்னுடுச்சு. ஃபெட்டர்மன் விடல, மறுபடி எடுக்க வெச்சாரு, அப்ப அட்டர்னி ஜெனரலா இருந்த ஜாஷ் ஷபீரோவோட, அவர்தான் இப்ப கவர்னர், பல கேஸ்ல உரசல். ஒரு வருஷம் கழிச்சு அஞ்சு பேரும் சரின்னாங்க. 2021 பிப்ரவரில வெளிய வந்தாங்க, 27 வருஷத்துக்கப்பறம். அடுத்த செனட் தேர்தல்ல அந்த ரெண்டு பேரையும் தன் பிரச்சாரத்துல வேலைக்கு வெச்சுக்கிட்டாரு. எதிர்ல நின்ன மெஹ்மத் ஆஸ் தரப்பு 'குற்றவாளிக்கு சலுகை குடுக்கறவர்'னு விளம்பரமா போட்டுத் தாக்குனாங்க, அவங்கள வேலைய விட்டு எடுக்கல. டாம் வுல்ஃப் கவர்னரா இருந்த எட்டு வருஷத்துல ஐம்பதுக்கு மேல ஆயுள் கைதிங்களுக்கு தண்டனை குறைஞ்சுது, அதுல பெரும்பகுதி ஃபெட்டர்மன் சேர்மனா இருந்த காலத்துலதான்.

இதே தேர்தல் சமயம், 2022 மே, பிரைமரிக்கு நாலு நாள் முன்னாடி அவருக்கு ஸ்ட்ரோக். ஆஸ்பத்திரில படுத்தபடியே 67 கவுண்டிலயும் ஜெயிச்சாரு. அப்பறம் 2023-ல மன அழுத்தம்னு வெளிப்படையா சொல்லி ஆஸ்பத்திரில சேந்தாரு. அந்த நாற்காலில அவருக்கு அடுத்து ஆஸ்டின் டேவிஸ் வந்தாரு, ஆத்தோரமா கொஞ்சம் தள்ளி இருக்கற மெக்கீஸ்போர்ட் பையன். போர்டு இன்னும் உக்காருது, விசாரணை எல்லாரும் பாக்கலாம், நேரம் கிடைச்சா ஒன்னே ஒன்னு உக்காந்து பாருங்க, கடைசி ஓட்டு வரைக்கும் பாருங்க.

சரி, மில்லுல ஷிஃப்ட் மாறுது போல, ஆளுங்க கேட்டுலேர்ந்து வெளிய வர ஆரம்பிச்சுட்டாங்க, முதல்லயே சொன்னேன்ல முகம் எடுக்க மாட்டேன்னு, கேமராவ நிறுத்திடறேன்.