இரு தாய்ச் செடிகளின் வாரிசுகள்

அவையோர்க்கு வணக்கம். அழிவின் விளிம்பில் நிற்கும் காட்டுத் தாவரம் ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று எப்போது சொல்லலாம் என்ற கேள்வியை, ஹவாய்த் தீவின் மௌனா கியா எரிமலையில் வளரும் சில்வர்சோர்டு செடியை முன்வைத்து இன்று பேச விரும்புகிறேன்.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் மூதாதை, ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாவிலிருந்து கடல் கடந்து வந்தது. அந்த ஒரு வரவிலிருந்து மரமாகவும் புதராகவும் கொடியாகவும் சுமார் 30 இனங்கள் கிளைத்தன. அந்த மூதாதையே இரு வேறு இனங்களின் கலப்பில் பிறந்து, இரண்டின் குரோமோசோம் தொகுதிகளையும் சேர்த்துச் சுமந்து வந்தது. இத்தனை வடிவங்கள் தோன்றியதற்கு அந்த இரட்டைச் சொத்தும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

வெண்மயிர் போர்த்திய வாள் போன்ற இலைகளைக் கொத்தாக விரித்து, எரிமலைச் சாம்பல் மண்ணில் பல ஆண்டுகள் தரையோடு தரையாக இருக்கும் இச்செடி, ஒருநாள் ஆளுயரத்தையும் மிஞ்சும் பூத்தண்டை எழுப்பும். தொட்டால் விரலில் பிசுபிசுக்கும் அந்தத் தண்டில் நூற்றுக்கணக்கான பூங்கொத்துகள் மலர்ந்து, விதை முற்றியதும் செடி மடிந்துவிடும். நம் நீலக்குறிஞ்சியும் ஒருமுறை பூத்து மடிவதுதான். ஆனால் குறிஞ்சி மலை முழுதும் ஒரே பருவத்தில் பூப்பதால் மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. சில்வர்சோர்டு செடிகளோ வெவ்வேறு ஆண்டுகளில் பூப்பவை. போதாக்குறைக்கு அவை தன் ஒவ்வாத்தன்மை உடையவை. தன் மகரந்தத்தை மட்டுமன்றி, இந்த ஒவ்வாமையைத் தீர்மானிக்கும் மரபணு வடிவங்கள் ஒத்துப்போகும் உறவுச் செடியின் மகரந்தத்தையும், பூவில் மகரந்தத்தை வாங்கும் பகுதியான சூலகமுடி ஏற்காது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் எஞ்சியிருந்த ஏரிக்கரை டெய்சி செடிகள், ஆண்டுதோறும் பூத்தும் விதை வைக்காமல் போனதற்கு இதுவே காரணம். அவை அனைத்தும் ஒரே இணைசேர் வகையாக, அதாவது ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்று ஏற்காதவையாக இருந்தன. ஒஹாயோவின் செடிகளோடு கலந்த பிறகே விதை பிடித்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தீவுக்குள் கொண்டுவரப்பட்ட மாடும் ஆடும் மௌனா கியாவின் சரிவுகளை மேய்ந்து தீர்த்தன. அவற்றின் வாய்க்கு எட்டாத பாறை முகப்புகளில் மட்டும் சில பத்துச் செடிகள் தப்பின. பின்னர் கன்றுகள் வளர்க்கப்பட்டு, 1,500க்கும் மேற்பட்டவை மலையில் நடப்பட்டன. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரும் வெற்றிதான். ஆனால் அவை அனைத்தும் 1973இல் பூத்த இரண்டே இரண்டு தாய்ச் செடிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆகும். 1990களில் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, பாறையில் எஞ்சிய சிறு கூட்டத்தில் இருந்த வேறுபாடுகளில் சில, நடப்பட்ட பெருங்கூட்டத்தில் காணப்படவில்லை. இயற்கைத் தேர்வு இருப்பவற்றுள்தான் தேர்ந்தெடுக்க முடியும். நாளை ஒரு புதிய நோயோ நீண்ட வறட்சியோ வந்தால், அதைத் தாங்கும் மரபணு வடிவம் அந்த இரு தாய்களிடம் இல்லாமற்போயிருந்தால், 1,500 என்பது 15,000 ஆனாலும் பயனில்லை.

ஆகவே தாவரவியலாளர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். பாறைச் செடி ஒன்று பூக்கும் அரிய ஆண்டில் அதன் மகரந்தத்தைச் சேகரித்து, நடப்பட்ட செடிகளில் பூத்திருப்பவற்றின் மேல் கையாலேயே தடவுகிறார்கள். அதில் விளையும் விதைகளிலிருந்து வளரும் கன்றுகளை, எந்தவொரு தாயின் வழியும் மிகுந்துவிடாதபடி சமன்செய்து நடுகிறார்கள்.