எலிக்கும் எருமைக்கும் என்ன குடி?

(மட்டக்களப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். வேறு ஊர்களில் தாய்வழி மரபை விளக்கவே எனக்குக் கால்மணி நேரம் போய்விடும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. தமிழரோ முஸ்லிமோ, குடி என்னும் குலப்பிரிவு தாயிடமிருந்துதான் வருகிறது என்பது உங்கள் வீட்டுச் சங்கதி. உடற்கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் (மைட்டோகொண்ட்ரியாவின்) டி.என்.ஏ.யும் அப்படித்தான், தாய் கொடுத்தது. இன்று விலங்குகளிடம் குடி விசாரிப்போம். அவற்றைக் கொண்டுபோன மனிதர்கள் எழுதி வைக்காததை அவை சொல்லும்.

முதலில் எலி. பசிபிக் எலியால் சமுத்திரத்தை நீந்திக் கடக்க முடியாது. ஒரு தீவில் அது இருந்தால், மனிதரின் தோணியில் ஏறி வந்தது என்றே பொருள். 1998இல் ஆய்வாளர் லிசா மட்டிசூ-சிமித்தும் குழுவினரும் பொலினீசியத் தீவுகளின் எலிகளில் இந்தத் தாய்வழியை ஒப்பிட்டார்கள். நியூசிலாந்து எலிகளில் பல தாய்வழிகள் தெரிந்தன. ஒரேயொரு தோணி வழிதவறி ஒதுங்கியிருந்தால் அவ்வளவு வகை இருந்திருக்காது. மனிதர்கள் மீண்டும் மீண்டும் போய்வந்திருக்கிறார்கள். அந்த மண்ணில் எலி கொறித்த பழைய விதைகளின் காலம் கி.பி. 1280ஐ ஒட்டியது; எலியைக் கொண்டுவந்த மனிதர் அங்கே வந்ததும் அப்போதுதான். மூதாதையர் எலும்பைத் தோண்டாமலே இவ்வளவும் தெரிந்தது. எலிக்கு நாம் கொஞ்சம் மரியாதை கொடுக்கலாம்.

ஆனால் குடியை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். ஆப்பிரிக்காவின் திமில் மாடுகளைப் பாருங்கள். திமில் மாடு சிந்துவெளிப் பக்கத்தில் பழக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் திமிலோடு நிற்கும் பசுவின் தாய்வழியோ திமிலற்ற மாட்டினுடையது. தகப்பன் வழியைக் காட்டும் வை நிறமூர்த்தத்தை (Y குரோமோசோமை) பார்த்தால்தான் இந்தியக் காளை தெரியவரும். பசுக்களை யாரும் மந்தையாக ஏற்றிவரவில்லை. காளைகள் வந்தன, உள்ளூர்ப் பசுக்களோடு சேர்ந்தன. இந்தச் சம்பந்தத்தில் பெண் உள்ளூர், மாப்பிள்ளை வெளியூர். மட்டக்களப்பாருக்கு இது புதிதா?

இனி நம் தயிர்ச்சட்டிக்கு வருவோம். எருமையில் இரண்டு வகை. இந்தியப் பக்கத்து ஆற்றெருமைக்கு 50 நிறமூர்த்தங்கள். கிழக்கே சீனா, தாய்லாந்துப் பக்கத்துச் சேற்றெருமைக்கு 48. நம் நாட்டெருமையின் உடற்கட்டையும் சேற்றில் புரளும் விருப்பத்தையும் பார்த்து அதைச் சேற்றெருமை என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். நிறமூர்த்தத்தை எண்ணியபோது 50 இருந்தது. உருவம் கிழக்கைக் காட்ட, உறவோ இந்தியக் கரையில் இருக்கிறது.

முன்வரிசையில் பட்டிக்காரர்கள் சிலர் இருக்கிறீர்கள். எந்தக் குடியின் மாடு என்பதைச் சூட்டுக்குறி பார்த்துச் சொல்லிவிடுவீர்கள். மாட்டின் சொந்தக் குடியை அறிய வால்மயிர் சில வேரோடு கிடைத்தாலே போதும். குறிசுடுவதைவிட அதற்கு நோவு குறைவு.