வளைஞ்ச ப்ளைவுட்: கோளாறு மெஷின்ல இல்ல, ஜிக்ல

வணக்கம் மக்களே. மேசை மேல இருக்கறது நாற்காலி ஷெல். சீட்டும் முதுகும் ஒரே வளைவு. 1.5 மி.மீ. பீச் வெனீர், அதாவது மெல்லிசா சீவின மரத்தகடு, 7 அடுக்கு, ரேகையை (மர நார் ஓடற திசையை) மாத்தி மாத்தி வச்சு, யூரியா பசை போட்டு, சூடான மோல்டுல அழுத்தினது. கனம் சுமார் 10 மி.மீ. ஓரத்துல சுத்தி 15 மி.மீ. கூடுதலா விட்டிருக்கு. இதை 5 ஆக்சிஸ் சிஎன்சில, அதாவது கட்டரை அஞ்சு அச்சுல நகர்த்தற கம்ப்யூட்டர் மெஷின்ல, வெட்டி, ஓட்டை போடணும். அப்புறம் மாட்டறப்போ போல்ட் சாய்ஞ்சு நின்னா, கோளாறு ஜிக்ல, அதாவது வெட்டறப்போ ஷெல்லைத் தாங்கிப் பிடிக்கற அச்சுல.

பிரஸ்ல இருந்து எடுத்த சூட்டோட மெஷின்ல ஏத்திடாதீங்க. பசையில இருந்த தண்ணி வெனீருக்குள்ள போயிருக்கும். அது சமமாகிற வரைக்கும் வளைவு கொஞ்சம் விரியும், இல்ல சுருங்கும். குறைஞ்சது 24 மணி நேரம் ஆறப் போடுங்க. ஒரு அடுக்கோட ரேகை சாய்வா இருந்தாக்கூட ஷெல் முறுக்கிக்கும். அதை வெட்டிச் சரிபண்ண முடியாது, தனியா ஒதுக்கிடுங்க.

இப்ப ஜிக். நிறைய பேர் மோல்டு டிராயிங்கை வச்சே ஜிக் செய்வாங்க. ஆறின ஷெல் அந்த வளைவுல இருக்காது, முனையில 2, 3 மி.மீ. தூக்கும். வேக்கம் போட்டதும், அதாவது ஷெல்லுக்கும் ஜிக்குக்கும் நடுவுல இருக்கற காத்தை உறிஞ்சினதும், அமுங்கிப் பொருந்திடும், ஓட்டையும் கச்சிதமா விழும். வேக்கத்தை எடுத்ததும் ஷெல் பழைய வளைவுக்கே போகும். அப்புறம் கால் ஃபிரேம்ல மாட்டினா போல்ட் சாய்ஞ்சு நிக்கும். அதனால ஆறின ஷெல்லை அஞ்சாறு அளந்து, அந்த வளைவுக்கே ஜிக்கை இழைங்க.

வேக்கம் பிடிக்கற பலத்தையும் கணக்குப் போட்டுக்கோங்க. 0.8 பார்னா ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 0.8 கிலோ. 10க்கு 20 செ.மீ. பரப்புக்கு 160 கிலோ. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கட்டர் தள்றது பக்கவாட்டுல, அங்க தாங்கறது உராய்வு மட்டும்தான். கைப்பிடி மாதிரி 3 செ.மீ. அகலத் துண்டுக்கு வேக்கத்தை நம்பாதீங்க, கிளாம்ப் போடுங்க.

கட்டர் 16 மி.மீ., ரெண்டு பல். 18,000 ஆர்பிஎம், ஃபீட் (கட்டர் முன்னேறற வேகம்) நிமிஷத்துக்கு 6 மீட்டர். பல்லுக்கு 0.17 மி.மீ. வரும். ஃபீடைக் குறைச்சா பத்திரம்னு நினைக்காதீங்க, தேய்ச்சுத் தேய்ச்சு ஓரம் கருகிடும். காய்ஞ்ச பசை கட்டர் முனையைச் சீக்கிரம் மழுக்கும், அதனால தினசரி ஓட்டத்துக்கு கார்பைடை விட டைமண்ட் முனைதான் கட்டுப்படியாகும். முதல்ல 1 மி.மீ. விட்டு வெட்டி, அப்புறம் ஃபினிஷ். வளைவான மூலையில கட்டர் மேல் வெனீரோட ரேகைக்கு எதிரா ஏறினா சிராய் பிளந்துக்கிட்டு வரும். அந்த மூலைக்கு மட்டும் வெட்டற திசையைத் திருப்புங்க. வழி நெடுக கட்டர் அந்தந்த இடத்து மேற்பரப்புக்குச் செங்குத்தா இருக்கணும்.

துளைக்கும் அதே செங்குத்துதான். எதிர்ப்பக்கம் வரைக்கும் போகாத துளைனா கவனம்: பிராட் பாயிண்ட் பிட்டுல (நடுவுல ஊசி வச்ச மரத் துளை பிட்) அந்த ஊசி 2 மி.மீ. முன்னால நீட்டியிருக்கும். 10 மி.மீ. ஷெல்லுல 8 மி.மீ. ஆழம் கொடுத்தா உட்கார்ற பக்கம் புள்ளி தெரியும். 6.5ல நிறுத்துங்க. முழுசா ஊடுருவற துளைக்கு பின்னால தாங்க ஜிக்ல முட்டுக்கட்டை இருக்கணும், இல்லாட்டி கடைசி வெனீர் பிய்ஞ்சுடும்.

ஓரத்தை 3 மி.மீ. உருட்டறதை சிஎன்சி புரோகிராம்ல விடாதீங்க. ஷெல்லுக்கு ஷெல் கனம் கொஞ்சம் மாறும், ஒரு பக்கம் படி விழும். பேரிங் வச்ச பிட்டை கை ரவுட்டர்ல மாட்டி ரெண்டு பக்கமும் ஓட்டுங்க, பேரிங் ஓரத்தையும் ரவுட்டரோட அடித்தட்டு மேற்பரப்பையும் தொட்டுக்கிட்டே போகும். அப்புறம் 150, 180 உப்புத்தாள்.