காட்டைப் படிக்கப் பணம் தருபவர்கள் யார்? பிச்சாவரத்திலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: பிச்சாவரம் படகுத்துறை. சுரபுன்னை வேர்களுக்கு இடையே துடுப்புப் படகு நுழைகிறது.]

வணக்கம். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக இங்கே வந்து படகு ஏறுகிறவர்கள், இது மனிதன் கை படாத காடு என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். உண்மையில் இது திட்டம் போட்டு வெட்டப்பட்ட காடு. வெளிநாடு போய் வனவியல் படிக்க யார் உதவித்தொகை தருகிறார்கள் என்பதுதான் இந்த வீடியோவின் பேச்சு. ஆனால் முதலில் இந்த வெட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

[காட்சி: வரைபடம். காடு பட்டை பட்டையாகப் பிரிகிறது.]

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1970கள் வரை பிச்சாவரத்தில் கூப்பு முறை இருந்தது. காட்டைக் கூப்பு எனப்படும் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக மொட்டையடித்து வெட்டுவார்கள். சுற்று முடிந்து முதல் கூப்புக்குத் திரும்பும்போது அங்கே மரம் மறுபடி வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. தாளில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

மரம் வரவில்லை. நிழல் போனதும் வெயில் நேரடியாகச் சேற்றில் விழுந்தது. மண்ணிலிருந்த ஈரம் ஆவியாகி, மண் அமிழ்ந்து, நடுப்பகுதி தொட்டி போல் ஆனது. ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போது, உள்ளே வந்த நீர் கடல் இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கியது. வெயிலில் தண்ணீர் போயிற்று, உப்பு தங்கிவிட்டது. அந்த உப்பில், உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல் மரத்தின் விதைகூட முளைக்காது.

[காட்சி: மேலிருந்து எடுத்த படம். பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகப் பிரியும் கிளைகளும்.]

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இங்குள்ள கிராம மக்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். இயற்கையான ஓடையோடு இணையும் பெரிய வாய்க்கால் ஒன்று, அதிலிருந்து மீன்முள் வடிவில் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் மறுபடி வந்து போனது, உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் சரிவுகளில் நட்ட கன்றுகள் பிழைத்தன. இன்று நீங்கள் கைப்பேசியில் படம் பிடிக்கும் பசுமையில் ஒரு பகுதி இப்படி மீட்கப்பட்டது.

வெப்பமண்டலக் காடுகளின் நிலைத்த மேலாண்மை என்று பல்கலைக்கழகங்கள் கற்பிப்பது இதைத்தான். எவ்வளவு வளர்கிறதோ அதற்கு மேல் எடுக்காதே என்பது பாலபாடம். வளர்ச்சி எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஒரே மரங்களை ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான். இந்தியாவில் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பது வழக்கம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் குடகு மலையின் உப்பங்களாவில் 1990 அளவிலிருந்து இப்படி அளந்து வருகிறார்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பும் (காயவைத்துப் பாதுகாத்த செடி மாதிரிகள்) தென்னிந்தியத் தாவர வரைபடங்களும் இருக்கின்றன. கடற்கரைச் சாலையில் உலாவப் போகிறவர்களில் எத்தனை பேர் பக்கத்திலேயே இருக்கும் அதன் வாசலைக் கவனித்திருப்பார்கள்?

[காட்சி: யோகோஹாமா துறைமுகம், பிறகு ஜெர்மனியின் தாரண்ட் நகரம்.]

இனி பணம். பன்னாட்டு வெப்பமண்டல மர அமைப்பு 1986இல் உருவானது. தலைமையகம் ஜப்பானின் யோகோஹாமாவில். இந்தியா அதில் உறுப்பு நாடு. அதன் முதல் செயல் இயக்குநர் மலேசியாவைச் சேர்ந்த ஃப்ரீஸைலா; அவர் பெயரில்தான் உதவித்தொகை நிதி இருக்கிறது. முழுப் பட்டப்படிப்பின் செலவையும் இது ஏற்கும் என்று நம்பி விண்ணப்பிக்காதீர்கள். குறுகிய காலப் பயிற்சி, ஆய்வுப் பயணம், மாநாடு, முதுநிலை ஆய்வுக்குச் சிறு உதவி, இவ்வளவுதான். ஏற்கெனவே வனத்துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்பவர்களுக்கு இது மிகப் பொருத்தம்.

முழு முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால் ஜெர்மனியைப் பாருங்கள். டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பிரிவு தாரண்டில் இருக்கிறது. ஜெர்மன் வனவியல் முன்னோடி ஹைன்ரிக் கோட்டா 1811இல் தன் வனப்பள்ளியைக் கொண்டுசென்ற ஊர் அது. அங்கே வெப்பமண்டல வனவியல் படிப்புக்கு ஜெர்மன் கல்விப் பரிமாற்ற சேவை உதவித்தொகை தருகிறது. பொதுவாக இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்பார்கள். பட்டம் வாங்கி ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த ஜெர்மன் தொடர்பு புதிதல்ல. 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைவராக வந்த டீட்ரிக் பிராண்டிஸ் ஜெர்மானியர். அப்போது அதிகாரிகளைப் பயிற்சிக்கு பிரான்சின் நான்சி நகரத்துக்கும் அனுப்பினார்கள். புதுச்சேரிக்காரர்கள் இதைக் கேட்டுப் புன்னகைக்கலாம்.

பணி அனுபவம் இல்லையா? ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் வனவியலும் உண்டு. கட்டணம் போக மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் படிப்பீர்கள். போட்டி கடுமை.

உள்நாட்டுப் பாதைக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியும் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் போதும். அவற்றைப் பற்றித் தனி வீடியோ வரும்.

[காட்சி: முள்ளோடை எல்லை. இருபுறமும் பெயர்ப்பலகைகள்.]

தமிழகத்துக்கும் புதுச்சேரிக்கும் எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மட்டும் மாறுவதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் வெளிநாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் கடலூர்க்காரருக்கு உண்டு, புதுச்சேரியின் பாகூர்க்காரருக்கு இல்லை. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருவருக்கும் பொது. பட்டியலினத்தவர், சீர்மரபு நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கானது. ஆண்டுக்கு 125 இடங்கள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

[காட்சி: பண்ருட்டி அருகே முந்திரித் தோப்பு.]

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று எழுதும் நோக்கக் கடிதத்தில். 'சிறு வயதிலிருந்தே இயற்கையை நேசிக்கிறேன்' என்று தொடங்கும் கடிதம் தேர்வுக் குழுவுக்கு எதையும் சொல்வதில்லை. அவர்கள் தேடுவது ஒரு கேள்வியோடு வருபவரை. கேள்விக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' என்று பெயரிடப்பட்ட புயல் கடலூரிலும் புதுச்சேரியிலும் முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் சாய்த்தது. காற்றைத் தாங்கும் கலப்புத் தோப்பு எப்படி இருக்க வேண்டும்? ஆரோவில்லில் வறண்ட செம்மண் மேட்டில் பசுமைமாறா உலர்காட்டின் மரங்களை மறுபடி வளர்த்திருக்கிறார்கள். அவற்றில் எது தானாகவே விதை போட்டுப் பரவுகிறது? பிச்சாவரத்து வாய்க்கால்கள் தூர்ந்துபோனால் பராமரிப்பது யார் பொறுப்பு, செலவு எங்கிருந்து வரும்? இவற்றில் ஒன்றை எடுத்து, நீங்களே அளந்த நாலு எண்களோடு எழுதுங்கள். வனவியல் பட்டம்தான் வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் இல்லை. தாவரவியல், சுற்றுச்சூழல், வேளாண்மை படித்தவர்களையும் பல படிப்புகள் ஏற்கின்றன.

[காட்சி: மழையில் நனையும் வனச்சரக அலுவலகம்.]

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, சேற்றில் உங்களோடு இறங்கி நின்ற வனச்சரகரிடமோ பேராசிரியரிடமோ கேளுங்கள். ஆனால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள். எராஸ்மஸ் போன்றவற்றின் கெடு பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியை ஒட்டி வருகிறது. அதற்கு முந்தைய வாரங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம்; புயல் சின்னம் உருவானால் சரகர் அலுவலகத்தில் இருக்க மாட்டார். ஆவணி முடிவதற்குள் கேட்டுவிடுங்கள்.