ஐபோன் பில், இல்லாத முதலாளி, 1 கோடி டாலர்: யூடியூபர்களுக்குப் படியளந்த மாஸ்கோ

[திரையில்: வங்கிப் பணப் பரிமாற்றச் சீட்டு மாதிரி ஒரு கிராஃபிக்ஸ்]

வணக்கம் நண்பர்களே. துருக்கியில் இருக்கும் ஒரு கம்பெனி, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இருக்கும் இன்னொரு கம்பெனிக்கு 3,18,800 டாலர் அனுப்புகிறது. பணம் எதற்காக என்று குறிப்பு எழுதும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'பொருள் வாங்கிய வகையில், ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ், 512 ஜிபி.'

அந்த டென்னசி கம்பெனி செல்போன் கடை இல்லை. அது அரசியல் வீடியோ போடும் கம்பெனி. பெயர் டெனட் மீடியா. பணம் உண்மையில் வந்த இடம், ரஷ்ய அரசின் ஆர்டி தொலைக்காட்சி என்கிறது அமெரிக்க நீதித்துறை. ஐபோனும் இல்லை, பில்லும் இல்லை. உக்ரைன் போர் நடந்துகொண்டிருக்கும்போது, லட்சக்கணக்கான பேர் பார்க்கிற பிரபல விமர்சகர்களின் சம்பளத்துக்குப் போன பணம் அது. முழுக் கதையையும் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி வரும். அதற்காகவே இந்த வீடியோவைச் செய்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைகிறது. ஒரு வாரத்துக்குள் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசு ஊடகங்களான ஆர்டி, ஸ்புட்னிக் இரண்டையும் தடை செய்கிறது. அமெரிக்காவில் ஆர்டியின் கிளை மூடப்படுகிறது. யூடியூப் உலகம் முழுவதும் அந்தச் சேனல்களை முடக்குகிறது. முன்வாசல் சாத்தியாகிவிட்டது. அப்புறம் என்ன, கொல்லைப்புறம்தான். ஆர்டியின் தலைமை ஆசிரியர் மார்கரிட்டா சிமோன்யான் இதை மறைக்கக்கூட இல்லை. மறைமுகத் திட்டங்களால் ஒரு சாம்ராஜ்யமே கட்டி வைத்திருக்கிறோம் என்று ரஷ்ய டிவியிலேயே பெருமையாகச் சொன்னார். போலீஸ் வேலையைப் பாதி குறைத்துக் கொடுத்த புண்ணியவதி.

[திரையில்: 2024 செப்டம்பர் 4]

அன்றைக்குத்தான் நியூயார்க்கில் குற்றப்பத்திரிகை வெளியானது. ஆர்டி ஊழியர்கள் இரண்டு பேர் மேல் வழக்கு. ஒருவர் எலெனா அஃபனாசியேவா, இன்னொருவர் கோஸ்தியந்தின் கலாஷ்னிகோவ். பெயரைக் கேட்டதும் துப்பாக்கி ஞாபகம் வரும், ஆனால் இவர் பிடித்தது கீபோர்டுதான். துருக்கி, ஐக்கிய அரபு எமிரேட்ஸ், மொரீஷியஸ் என்று பல நாட்டு லெட்டர்பேடு கம்பெனிகள் வழியாகக் கிட்டத்தட்ட 1 கோடி டாலரை டெனட் மீடியாவுக்குள் தள்ளினார்கள் என்பது குற்றச்சாட்டு. சேனலில் ஏறிய வீடியோக்கள் ஏறக்குறைய 2,000. யூடியூபில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் பார்வைகள். இதெல்லாம் இன்னும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சம்பளத்தைக் கேட்டால் தலை சுற்றும். ஒருவருக்கு மாதம் 4 லட்சம் டாலர், வாரம் ஒன்றாக மாதத்துக்கு நான்கு வீடியோ. கையெழுத்துப் போட்டதற்கே தனியாக 1 லட்சம் டாலர். மாதச் சம்பளத்தை மட்டும் நம் பணத்தில் போட்டால் அன்றைய மதிப்பில் 3 கோடி ரூபாய்க்கு மேல். இந்தச் சேனலின் வருமானத்தைக் கேட்காதீர்கள், சிரித்துவிடுவீர்கள். சப்ஸ்கிரைப் பட்டனையாவது அழுத்திவிட்டுப் போங்கள்.

இவ்வளவு பணம் யார் தருகிறார்கள் என்று விமர்சகர்கள் கேட்கவே இல்லையா? ஒருவர் கேட்டார். அவருக்கு ஒரு பக்க பயோடேட்டா வந்தது. பெயர் எடுவார்ட் கிரிகோரியன். ஐரோப்பிய வங்கியில் பெரிய பதவியில் இருந்தவராம். கூடவே ஒரு படம்: தனி விமானத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிற கோட் சூட் மனிதர். ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வருவாரே, அதே தோரணை. அப்படி ஓர் ஆள் பூமியிலேயே இல்லை. படித்துப் பார்த்த விமர்சகருக்கும் ஒரு சந்தேகம் வந்தது. என்ன சந்தேகம்? இந்த ஆள் உண்மையா என்றா? இல்லை. பயோடேட்டாவில் 'சமூக நீதி' என்று இருக்கிறதே, இவர் இடதுசாரியோ என்று! அந்தக் கவலை தீர்ந்ததும் வேலை நடந்தது.

கம்பெனியை நடத்தியவர்களுக்குத் தெரியுமா? குற்றப்பத்திரிகைப்படி அவர்கள் தங்களுக்குள் பேசும்போது முதலாளிகளை 'ரஷ்யர்கள்' என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். இதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று. முதலாளி ஐரோப்பாவில் இருப்பதாகத்தானே கதை? ஒருநாள் நிறுவனர்களில் ஒருவர் கூகுளில் தேடியது, 'மாஸ்கோவில் இப்போது மணி என்ன'.

[இசை. ஒரு நொடி இடைவெளி]

இப்போது சிரிப்பை நிறுத்துகிற இடம். 2024 மார்ச் 22. மாஸ்கோவுக்கு வெளியே குரோகஸ் சிட்டி ஹால், கச்சேரி தொடங்கப் போகிறது. துப்பாக்கிக்காரர்கள் புகுந்து சுட்டதில் 140 பேருக்கு மேல் செத்தார்கள். ஐஎஸ் அமைப்பு தானே செய்ததாக அறிவித்தது. கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகாதீர்கள், கச்சேரிகளையும் சேர்த்து, என்று மார்ச் 7-ம் தேதியே மாஸ்கோவில் உள்ள அமெரிக்கத் தூதரகம் எச்சரித்திருந்தது. ஆனால் அஃபனாசியேவாவிடமிருந்து டெனட் மீடியாவுக்கு வந்த யோசனை வேறு: உக்ரைனையும் அமெரிக்காவையும் சம்பந்தப்படுத்திப் பேசுங்கள். ஒரு விமர்சகரிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் சந்தோஷமாகச் செய்கிறேன் என்றாராம். பிணங்களை அடக்கம்கூடச் செய்யவில்லை, பழியை எங்கே இறக்கி வைப்பது என்பது முடிவாகிவிட்டது.

[திரையில்: சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி. குதூகல இசை]

சரி, வந்துவிட்டோம் தள்ளுவண்டிக்கு. இந்தப் பகுதி கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிரபல விமர்சகர் டக்கர் கார்ல்சன் மாஸ்கோ போனார். புதினைப் பேட்டி எடுத்தார். முதல் கேள்விக்கே புதின், ஒரு நிமிடம் வரலாறு சொல்லிக்கொள்கிறேன் என்று 862-ம் ஆண்டிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் ஓட்டினார். அதை விடுங்கள். பேட்டி முடிந்து கார்ல்சன் ஊர் சுற்றிப் பார்த்தார். ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனார்.

வாசலில் தள்ளுவண்டிகள் சங்கிலியில் பூட்டியிருக்கின்றன. 10 ரூபிள் நாணயத்தைச் செருகினால் பூட்டு திறக்கும். வண்டியைத் திருப்பி விட்டால் நாணயம் கையில் வரும். கார்ல்சன் வாய் பிளந்துவிட்டார். என்ன ஓர் ஏற்பாடு, வண்டியை யாரும் தள்ளிக்கொண்டு போக மாட்டார்கள் பாருங்கள் என்று கேமராவிடம் விளக்குகிறார். இதே பூட்டு அமெரிக்காவில் ஆல்டி கடைகளில் பல வருஷமாக இருக்கிறது. ஐரோப்பாவில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இருக்கிறது. இதில் உச்சம் எது தெரியுமா? அவர் நின்றுகொண்டிருந்த கடை ரஷ்யக் கடையே இல்லை. அது ஓஷான் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கடை!

அடுத்து விலை. ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு வேண்டிய சாமான்களைக் கூடையில் போட்டார். கூட இருந்தவர்கள் 400 டாலர் ஆகும் என்று நினைத்தார்களாம், பில் வந்தது சுமார் 104 டாலர். அவ்வளவுதான், கார்ல்சனுக்குத் தன் நாட்டுத் தலைவர்கள் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். வாரம் 104 டாலர் என்றால் நான்கு வாரத்துக்கு 416. அப்போது ரஷ்யாவில் சராசரி மாதச் சம்பளம் 75,000 ரூபிளுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 800 டாலர். பாதிச் சம்பளம் மளிகைக்கே போயிற்று. அமெரிக்காவில் முழுநேர வேலை பார்க்கிற சாதாரண ஆள் 1,100 டாலருக்கு மேல் வாங்குகிறார். மாதத்துக்கு இல்லை, வாரத்துக்கு. கார்ல்சன் அமெரிக்கச் சம்பளத்தைப் பையில் வைத்துக்கொண்டு ரஷ்ய விலையைப் பார்த்து மலைக்கிறார். துபாயில் சம்பாதித்துவிட்டு லீவில் வருகிற எந்த மாமாவுக்கும் இந்த மயக்கம் வரும், ஆனால் அவர் அதை வைத்து வெளியுறவுக் கொள்கை பேச மாட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்னால், 2023 டிசம்பரில், வருடாந்தரப் பத்திரிகையாளர் சந்திப்பில் ஒரு மூதாட்டி முட்டை விலையைச் சொல்லிப் புலம்பினார். விலை ஒரு வருஷத்தில் 40 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. புதின் என்ன செய்தார் தெரியுமா? மன்னிப்புக் கேட்டார். போருக்குக் கேட்காத மன்னிப்பை முட்டைக்குக் கேட்டார்!

அதே பயணத்தில் கார்ல்சன், ஸ்டாலின் காலத்தில் கட்ட ஆரம்பித்த ஒரு மெட்ரோ நிலையத்தையும் படம் பிடித்து, எவ்வளவு சுத்தம், எவ்வளவு அழகு என்று வியந்தார். அழகுதான், மறுக்கவில்லை. நிலையத்தின் பெயர் கீவ்ஸ்கயா. கீவ் நகரத்தின் பெயரில் அமைந்தது. சுவர் முழுக்க ரஷ்ய உக்ரைன் நட்பைக் கொண்டாடும் மொசைக் ஓவியங்கள். வெளியே அந்த கீவ் நகரத்தின் மேல் ஏவுகணை விழுந்துகொண்டிருக்கிறது. நான் கதை எழுதி இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் ரொம்ப ஓவராக இருக்கிறது என்று நீங்களே திட்டியிருப்பீர்கள்.

கார்ல்சனுக்கு யாரும் பணம் கொடுத்ததாக இந்த வழக்கில் எதுவும் இல்லை. சிறையில் இருந்த அமெரிக்க நிருபர் எவான் கெர்ஷ்கோவிச்சை விடுவிக்கும்படி புதினிடம் நேரடியாகவே கேட்டார், அதையும் சொல்ல வேண்டும். பிறகு எதற்குத் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டேன்? பிரபல அமெரிக்க விமர்சகர் ஒருவர் ரஷ்ய மளிகைக் கடைக்குப் போன வீடியோவை உங்கள் சேனலில் போடுங்கள் என்று அஃபனாசியேவா டெனட் மீடியாவுக்கு அனுப்புகிறார். அங்கே இருந்த தயாரிப்பாளர், இது அப்பட்டமான ஜால்ராவாகத் தெரிகிறதே என்று முனகுகிறார். மேலிடம் போடச் சொல்கிறது. சரி, நாளைக்குப் போட்டுவிடுகிறேன் என்கிறார். குற்றப்பத்திரிகை முழுவதிலும் மனசாட்சி தலைகாட்டுகிற ஒரே இடம் எனக்கு அதுதான். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

[திரையில்: கேமராவைப் பார்த்து]

இப்போது பெரிய கேள்வி. பணம் எங்கிருந்து வருகிறது என்று அந்த விமர்சகர்களுக்குத் தெரியுமா? டெனட் மீடியாவுக்கு வீடியோ செய்து கொடுத்த டிம் பூல், டேவ் ரூபின், பென்னி ஜான்சன் மூவரும் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: நாங்களே ஏமாந்தவர்கள். டிம் பூல் ஒரு படி மேலே போய், என் நிகழ்ச்சியில் என்ன பேசுவது என்பது என் முடிவு, வேறு யாரும் அதில் கை வைத்ததில்லை என்றார். புதினையும் கண்டபடி திட்டினார். அவர்கள் மேல் வழக்கும் இல்லை. நான் அவர்களை நம்பத் தயார். நம்பினால்தான் விஷயமே புரிகிறது.

கோயில் கொடைக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கிற பணக்காரர், பாடகருக்குப் புதுப் பாட்டுச் சொல்லித் தர மாட்டார். தனக்குப் பிடித்த பாட்டை ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிற ஆளைக் கூப்பிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி நாலு ஸ்பீக்கர் கூடுதலாகக் கட்டுவார். மாஸ்கோ செய்ததும் இதுதான். உக்ரைன்தான் அமெரிக்காவுக்கு எதிரி, உதவியை நிறுத்திவிட்டு ரஷ்யாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2024-ல் தன் சொந்த நிகழ்ச்சியில் ஆவேசமாகப் பேசியவர் டிம் பூல். அதை யாரும் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. அப்படிப் பேசுகிறவரைத் தேடிப் பிடித்தால் போதும், ஸ்கிரிப்ட் செலவு மிச்சம். டெனட் மீடியாவின் வீடியோக்களில் பெரும்பாலானவை போரைப் பற்றியே இல்லை. குடியேற்றம், விலைவாசி, உள்நாட்டுச் சண்டை. அமெரிக்கர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டிருந்தால் உக்ரைனுக்கு ஆயுதம் அனுப்புவது யார் ஞாபகத்தில் இருக்கும்? நான் என் சொந்தக் கருத்தைத்தான் சொன்னேன் என்கிற வாதம் முழு உண்மையாகவே இருக்கலாம். கருத்து அவருடையது, ஸ்பீக்கர் யாருடையது என்பதுதானே வழக்கு.

ரஷ்யாவுக்குள்ளே இருக்கிற டிவி விமர்சகர்களைப் பற்றி, சொலொவ்யோவ், ஸ்கபேயெவா கூட்டத்தைப் பற்றி, தனி வீடியோவே போடலாம். வேண்டுமென்றால் கமெண்டில் சொல்லுங்கள்.

கடைசியாக, வழக்கு என்ன ஆனது? செய்தி வந்ததும் டெனட் மீடியா இழுத்து மூடப்பட்டது, யூடியூப் சேனலை எடுத்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட இருவரும் அமெரிக்கக் கையில் சிக்கவில்லை. ஆர்டியிடம் விளக்கம் கேட்ட நிருபர்களுக்கு வந்தது நக்கல்தான்: வாழ்க்கையில் மூன்று விஷயம் நிச்சயம், மரணம், வரி, அமெரிக்கத் தேர்தலில் ஆர்டியின் தலையீடு. அப்புறம் 2025 பிப்ரவரியில் புதிய அரசு வந்த கையோடு, வெளிநாட்டுத் தலையீடுகளைத் துப்பறிய எஃப்பிஐ வைத்திருந்த தனிப் பிரிவு கலைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், வெள்ளை மாளிகையின் பத்திரிகையாளர் அறையில் புதிய ஊடகத்தினருக்கென்று ஒதுக்கிய நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களில் டிம் பூலும் ஒருவர்.