வட்டக் கீறல்களும் துடைக்கிற கையும்

வணக்கம் நேயர்களே. கறுப்பு நிறக் கார் வைத்திருப்பவர்கள் இன்றைய பேச்சைக் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்கலாம். வெயிலில் நிற்கும் காரின் பானெட்டில், சூரியன் பளிச்சிடும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். ஸ்வர்ல் மார்க் என்று சொல்வது இதைத்தான். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. கண்ணுக்கு அவ்வளவாகப் படாது, அவ்வளவுதான்.

வட்டமாகத் துடைப்பதால்தான் வட்டமாகக் கீறல் விழுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ராத்திரி செல்போன் டார்ச்சைப் பானெட்டுக்கு மேலே பிடித்து, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். விளக்கோடு சேர்ந்து வட்டமும் நகரும். பெயிண்டில் விழுந்த கீறல் எப்படி நகரும்? உண்மையில் கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி, ஒளிக்குக் குறுக்கே கிடக்கிற கோடுகள் மட்டும் மின்னுகின்றன, மற்றவை தெரிவதில்லை. அதனால், நேர்க்கோட்டில் துடைத்தால் கீறலே விழாது என்று நம்பிவிட வேண்டாம். துணியில் மணல் இருந்தால் எந்தத் திசையில் இழுத்தாலும் அது கீறத்தான் செய்யும்.

இந்தக் கீறல் எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். இன்றைய கார்களில் பெரும்பாலும் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கும். அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். ஆக, நம் தலைமுடியை விடவும் மெல்லிய அடுக்கு. பளபளப்பைத் தருவதும் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதன் வேலை. பாலிஷ் போட்டால் கீறலுக்குள் ஏதோ போய் நிரம்பிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். நல்ல பாலிஷ் கீறலைச் சுற்றியுள்ள பகுதியை இழைத்து, கீறலின் அடிமட்டம் வரைக்கும் கீழே இறக்குகிறது. ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் குறையும். குறைந்தது திரும்பி வராது. வருடாவருடம் மெஷின் பாலிஷ் என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நிரப்புகிற பொருளும் கடையில் கிடைக்கிறது, மறுக்கவில்லை. எண்ணெயும் மெழுகும் கலந்த அது கீறலை மறைத்துக் காட்டும். நான்கைந்து முறை கழுவினால் பழைய கோலம் திரும்பிவிடும். வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்கும்போது கீறல் நீங்கியதா, மறைந்ததா என்று தெரிய வேண்டுமானால், தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஓரிடத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் போனதும் உண்மை தெரிந்துவிடும்.

சரி, நீக்கியே ஆக வேண்டும் என்றால்? முதலில் வண்டியை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். அப்புறம் கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பானெட்டின் மேல் லேசாகத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாக நறநறவென்று தெரியும். பெயிண்டில் ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள், தார்ப்பொடி போன்றவை அவை. கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியைத் தாராளமாக வழுக்கும் திரவத்தோடு தேய்த்து அவற்றை எடுத்துவிட்டுத்தான் பாலிஷ்.

பாலிஷ் போடும் மெஷினுக்கு வந்தால், பழகாத கைக்கு, சுழன்றபடியே அசையவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் சரி. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி வேகமாக வெட்டும். ஆனால் ஓரிடத்தில் சூடேற்றிப் பெயிண்டையே கருக்கிவிடும், ஹோலோகிராம் எனப்படும் புதுக் கோடுகளையும் போட்டுவிடும். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு போன்ற இடங்களில் பூச்சு மெல்லியதாக இருக்கும். அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். எடுத்தவுடன் காம்பவுண்ட் என்ற, அதிகமாக வெட்டும் கடுமையான பாலிஷில் கை வைக்காதீர்கள். ஓர் அடிச் சதுரத்தை மட்டும் குறித்து, மெஷினில் மாட்டும் மென்மையான பேடும் நைஸான பாலிஷும் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கடுமையானதற்குப் போகலாம். நகத்தை மெதுவாக ஓட்டும்போது தட்டுகிற கீறலை விட்டுவிடுவதே நல்லது. அதைத் துரத்திப் போனால் கிளியர் கோட்டே போய்விடும்.

இனி, இது வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் ஒரு தட்டு தட்டித் துடைக்கிறோமே, அதுதான் முதல் குற்றவாளி. இறகுத் துடைப்பானும் அப்படித்தான். தூசி படிந்த வண்டிமேல் கவரை இழுத்துப் போர்த்துவதும், சுழல் பிரஷ் வைத்த தானியங்கிக் கழுவலும் அதே ரகம். கழுவும்போது முதலில் வெறும் தண்ணீரை அடித்து மணலை இறக்குங்கள். இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் அலசும் தண்ணீர். ஒவ்வொரு முறையும் கழுவும் கையுறையை அலசிவிட்டுத்தான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும். மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. உலர்த்தும்போதும் தேய்க்க வேண்டாம். பெரிய, அடர்ந்த மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு, தண்ணீரை அது உறிஞ்சியதும் தூக்கிவிட்டால் போதும்.

பெயிண்டுக்கு மேலே பூசும் செராமிக் கோட்டிங் என்ற பாதுகாப்புப் பூச்சைப் போட்டால் கீறலே விழாது என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். டப்பாவில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. மணல் துகளோடு மோதிப் பார்த்த அளவு இல்லை. அழுக்கு ஒட்டாமல் சீக்கிரம் கழுவிவிடலாம் என்பது அதன் நிஜமான லாபம். கீறலுள்ள பெயிண்ட் மேல் அதைப் போட்டால் கீறலும் உள்ளேயே தங்கிவிடும்.

கடைசியாக, துணியைப் பற்றி. மைக்ரோஃபைபரை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றவும் வேண்டாம். ஊற்றினால் உறிஞ்சும் தன்மை போய்விடும். துடைக்கும்போது துணி தரையில் விழுந்துவிட்டால், உதறிவிட்டு மறுபடி காரில் வைக்காதீர்கள். அதை சக்கரம் துடைக்க ஒதுக்கிவிட்டு வேறு துணியை எடுங்கள். வணக்கம்.